பத்துப் பொறி போதும்

அன்புள்ள ஐயா,

பீவர் தோல் தொப்பிகளைப் பற்றி உங்கள் தளத்தில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நாங்கள் வட ஒன்டாரியோவில், சட்பரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்குப் பதினைந்து வயது. அவனுடைய பள்ளித் தோழனின் தாத்தா ரோம விலங்குகளுக்குப் பொறி வைப்பவர். இவனையும் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன் என்கிறாராம். இவனோ பிடித்தால் நரிதான் என்கிறான். இரண்டு டஜன் பொறி வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கிறான். வீட்டில் ஆட்டுக்கறி சமைக்கிறவர்கள் நாங்கள், அதனால் கொல்லாமை பேச எனக்கு வாயில்லை. ஆனால் பயம் இரண்டு. விலங்கு கிடந்து துடிக்குமோ? இவன் கையை முறித்துக்கொள்வானோ? எங்கிருந்து தொடங்கலாம்?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நரி வேண்டாம். நரிக்குத் தரையில் புதைக்கும் கால்பொறி வேண்டும். பொறியின் எண்ணெய் வாடையைப் போக்கி, மெழுகில் முக்கி, காய்ந்த மண்ணைச் சலித்து மேலே தூவி, இரவு உறைபனியில் அந்த மண் இறுகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்தால், மறுநாள் காலையில் நரி உயிரோடு நின்றுகொண்டிருக்கும். அதைச் சுட வேண்டும். பதினைந்து வயதுப் பையனின் முதல் காலை அப்படி விடிய வேண்டாம்.

மஸ்க்ராட்டில் தொடங்கட்டும். ஏறத்தாழ ஒரு கிலோ எடை. சதுப்பில் சம்பங்கோரையைக் கடித்துக் குவித்து வீடு கட்டும், அல்லது கரையில் வளை தோண்டும் கொறிவிலங்கு. (தமிழில் பலர் பீவரை நீர்நாய் என்று எழுதிவிடுகிறார்கள். நீர்நாய் என்பது ஆட்டர், மீன் தின்னி. பீவர் மரப்பட்டை தின்பது. பொறி வைப்பவனுக்கு இந்தக் குழப்பம் ஆகாது.) இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களின் படைப்புக் கதையில், வெள்ளத்தின் அடிக்குப் போய் ஒரு பிடி மண் எடுத்து வந்தது இந்தச் சின்ன விலங்குதான். நம் வராகத்துக்குக் கோரைப்பல் இருந்தது. இதற்கு மூச்சு மட்டும்தான் இருந்தது, அதையும் விட்டுவிட்டது.

பொறி, 110 என்ற எண் கொண்ட கோனிபேர். பிராங்க் கோனிபேர் என்ற கனடாக்காரர், தாமே வடக்கில் பொறி வைத்துப் பிழைத்தவர், உருவாக்கியது. 1950-களின் இறுதியில் கடைக்கு வந்தது. சுமார் 12 செ.மீ. சதுரத்தில் இரண்டு கம்பிச் சட்டங்கள், ஒரு சுருள்வில், நடுவே இரண்டு விசைக்கம்பி. விலங்கு சட்டத்துக்குள் தலையை நுழைத்துக் கம்பியைத் தள்ளும்போது இரண்டு சட்டமும் கழுத்திலோ மார்பிலோ அடிக்கும். கால்பொறியில் மாட்டிய மஸ்க்ராட் முன்காலை முறுக்கி அறுத்துக்கொண்டு போய்விடும். அந்தக் கொடுமைக்கு இது எவ்வளவோ மேல்.

முதல் இரண்டு வாரம் பொறியே வேண்டாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையோரம் நடந்து தடம் பார்க்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டையின் மேலும் கல்லின் மேலும் அவரை விதை அளவில் கரும்பச்சை எச்சம் கிடக்கும். நீரில் மிதக்கும் கோரைத்துண்டுகளின் வெட்டுமுனை இன்னும் வெள்ளையாக இருந்தால் நேற்று ராத்திரி தின்றது, பழுத்திருந்தால் பழசு. வளையின் வாய் நீருக்கடியில் ஒரு சாணுக்கும் குறைவான அகலத்தில் இருக்கும். அதிலிருந்து ஆழத்துக்கு ஓடும் வாய்க்கால் போன்ற தடத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். அடிமண் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தால் போக்குவரத்து உண்டு. வண்டலும் பழுத்த இலையும் படிந்திருந்தால் வீடு காலி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் காலி வீட்டு வாசலில்தான் பொறி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கோரை வீட்டை உடைத்துப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்குங்கள். ஒன்டாரியோ சட்டப்படி அது குற்றம்.

இனி வைக்கும் முறை. பொறி நிமிர்ந்து, வளைவாயை அடைத்து, அடிச்சட்டம் தரையில் பட்டு நிற்க வேண்டும். விசைக்கம்பி இரண்டையும் விரித்து விட வேண்டும். அப்போதுதான் தலை முழுக்க உள்ளே வந்த பிறகு விசை விழும். பக்கத்தில் சந்து இருந்தால் குச்சி நட்டு அடைக்க வேண்டும். சுருள்வில்லின் வளையத்துக்குள் ஒரு கழியைச் செருகி மண்ணில் ஊன்ற வேண்டும். அந்தக் கழி காய்ந்த கழியாக இருக்கட்டும். வில்லோ மரத்தின் பச்சைக் கழியைப் பீவர் கண்டால் தின்றுவிடும், பொறியும் போய்விடும். சங்கிலியின் நுனியைத் தனிக் கம்பியால் ஆழத்தில் கட்டிவிடுவது நல்லது.

தவறுகள் பெரும்பாலும் தண்ணீரால் வருபவை. ஒரே இரவில் மட்டம் ஒரு சாண் இறங்கினால் பொறி வெளியே தெரிந்து நிற்கும். ஏறினால் விலங்கு பொறிக்கு மேலே நீந்திப் போகும். மட்டம் நிலைக்காத இடத்தில் கரையில் வைக்காமல், மிதக்கும் பலகையில் பொறியைப் பொருத்திவிடுவார்கள். ஆழமில்லாத இடத்தில் பனிக்கட்டி சட்டங்களைக் கவ்விக்கொள்ளும், விசை விழாது. இன்னொன்று: கால்பொறிக்கு மெழுகு பூசுவதைப் பார்த்துவிட்டு இதற்கும் பூசிவிடக் கூடாது. கொக்கி வழுக்கி, கையில் இருக்கும்போதே அடிக்கும்.

துடிக்குமா என்று கேட்டீர்கள். 1997-இல் கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்திட்ட பொறி ஒப்பந்தப்படி, கொல்லும் பொறி சோதனையில் குறைந்தது 80 சதவீத விலங்குகள் கெடுவுக்குள் நினைவிழக்க வேண்டும். அந்தக் கெடு, மரநாய் வகைச் சிறு விலங்குகளான எர்மினுக்கு 45 நொடி, மார்ட்டனுக்கு 120, நம் மஸ்க்ராட்டுக்கு 300. அந்த ஒப்பந்தத்தில் உள்ள விலங்குகளுக்குச் சான்று பெற்ற பொறியைத்தான் கனடாவில் வைக்கலாம். ஆனால் 300 நொடி என்பது ஐந்து நிமிடம். அதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வராது. கழுத்தில் விழுந்த அடி அதைவிட வெகு சீக்கிரம் முடித்துவிடும். இடுப்பில் விழுந்தால், நீருக்கடியில் கால்மணி நேரம் மூச்சடக்கத் தெரிந்த விலங்கு அது, யோசித்துப் பாருங்கள். ஆகவே பையன் பிடித்ததை எடுக்கும்போது சட்டம் எங்கே விழுந்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். இடுப்பில் விழுந்தால் விசைக்கம்பியின் விரிவையும் பக்கத்து இடைவெளியையும் அன்றே திருத்த வேண்டும்.

கை விஷயம். 110 விரலை நசுக்கும், வலிக்கும், அவ்வளவுதான். பீவருக்கான 330 அப்படியல்ல: 25 செ.மீ. சட்டம், இரண்டு சுருள்வில், மணிக்கட்டைப் பதம் பார்க்கும். இந்த வருடம் அவன் அதைத் தொடவே வேண்டாம். பெரியவர் வைக்கும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ளட்டும். ஒன்றரை மீட்டர் கயிறு, ஒரு முனையில் சுருக்கு, எப்போதும் சட்டைப்பையில். ஒரு கை மாட்டிக்கொண்டால், மறு கையால் கயிற்றைச் சுருள்வில்லின் இரண்டு வளையங்களுக்குள்ளும் கோத்துத் திரும்ப ஒருமுறை கோத்து, சுருக்கைப் பாதத்தில் மாட்டி, காலால் மிதித்துக்கொண்டே கயிற்றை மேலே இழுக்க வேண்டும். வில் அமுங்கியதும் காப்புக் கொக்கியை மாட்டி, அடுத்த வில்லுக்குப் போக வேண்டும். ஒரே கையால் செய்வதை வீட்டில் பத்து முறை பழகட்டும். நாய் போகும் நிலத்தில் தரைமட்டத்தில் இப்படி உடலில் அடிக்கும் பொறி வைப்பதும் கூடாது. வளர்ப்பு நாய் செத்தால் ஊரே எதிரியாகும்.

உண்மையில் எனக்குப் பொறியைவிடப் பனிக்கட்டிதான் பயம். தெளிந்த கட்டி 10 செ.மீ. இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது கணக்கு. ஆனால் மஸ்க்ராட் வீட்டைச் சுற்றியும், விலங்குகள் நீந்தும் தடத்தின் மேலும் கட்டி மெலிந்திருக்கும். அவன் போக வேண்டிய இடமும் அதுவே. தனியே போகக் கூடாது.

பிடித்த பிறகுதான் பாதி வேலை. ஈர ரோமத்தோடு உரித்தால் தோல் அழுகும். சேற்றை அலசி, தொங்கவிட்டுக் காய வைத்த பிறகே கத்தி. ஒரு பின்னங்குதிகாலிலிருந்து மறு குதிகால்வரை, வாலடி வழியாக ஒரே கீறல். பாதங்களைச் சுற்றி வெட்டி, காலுறையைக் கழற்றுவது போல் தலைப்பக்கம் இழுக்க வேண்டும். காதுக் குருத்தெலும்பு, கண், உதடு மூன்றிடத்தில் மட்டும் கத்தி பொறுமையாக. பிறகு மழுங்கிய கத்தியால் கொழுப்பை வழிக்க வேண்டும். முதுகுப்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய செந்தசையை விட்டுவிடலாம். அதையும் சுரண்டினால் மயிர்க்கால் அறுந்து ரோமம் உதிரும். ரோமம் உள்ளே, தோல் வெளியே இருக்கும்படி, காயவைக்கும் சட்டத்தில் மாட்டி, அடுப்புக்கும் ஹீட்டருக்கும் எட்டத்தில், குளிர்ந்த அறையில் சில நாள். சூட்டில் காய்ந்த தோல் பதனிடும்போது கிழியும். அளவு கூட்டலாம் என்று இழுத்து மாட்டினால் ரோமம் அடர்த்தி குறைந்து தெரியும், தரம் போடுகிறவர் கண்ணுக்குத் தப்பாது. காய்ந்த தோலின் உள்பக்கம் நீலம் பாரித்திருந்தால் ரோமம் இன்னும் முதிரவில்லை, பருவத்துக்கு முந்திப் பிடித்திருக்கிறான் என்று அர்த்தம்.

பழக்கமில்லாத கைக்கு ஒரு தோலை உரித்து வழித்து மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். பள்ளிக்கு முன் எல்லாப் பொறியையும் பார்த்தாக வேண்டும். ஆகவே இரண்டு டஜன் வேண்டாம், பத்துப் பொறி போதும்.

உரிமம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒன்டாரியோவில் அதற்கு முன் 40 மணி நேரப் பயிற்சி வகுப்பும் தேர்வும் உண்டு. வயது, பருவ விதிகளை மாகாண இயற்கை வள அமைச்சக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தோல் விற்பது உங்களுக்குச் சுலபம், ரோம ஏல நிறுவனமே உங்கள் பக்கத்து ஊரான நார்த் பேயில்தான். ஆனால் மஸ்க்ராட் தோலில் பெட்ரோல் காசு தேறினால் பெரிது என்று அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு பெட்டி ரப்பர் கையுறை வாங்கி வையுங்கள். மஸ்க்ராட்டும் பீவரும் துலரீமியா என்ற கிருமிக் காய்ச்சலைச் சுமக்கக்கூடியவை. கையில் இருக்கும் கீறல் வழியாக ஏறும். உரித்த சில நாளில் காய்ச்சலும் நெறிகட்டுதலும் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாக மஸ்க்ராட் உரித்தான் என்பதைச் சொல்லுங்கள். தமிழ்ப் பையனைப் பார்த்து அவராக அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.