இசை கேள்வி–பதில்: பியானோவை நம்பிய எல்டன் ஜான்

கேள்வி: பிரிட்டிஷ் பாடகரும் பியானோ கலைஞருமான எல்டன் ஜானின் ‘தி டைவிங் போர்ட்’ (2013) ஆல்பத்தை விமர்சகர்கள் பலர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பழைய ரசிகர்களில் ஒரு சாரார் ‘இழுவை’ என்று ஒதுக்கினார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் தேடியது வேறு வேறு. தயாரிப்பாளர் டி போன் பர்னெட், பியானோ, பேஸ் (தாழ்ந்த சுரங்களைத் தரும் தந்திக் கருவி), டிரம்ஸ் ஆகிய மூன்றையும் அடித்தளமாக வைத்தார். இதற்கு முன்மாதிரி, 1970 நவம்பர் 17 அன்று நியூயார்க்கில் வானொலிக்காக எல்டன் நடத்திய நேரடி நிகழ்ச்சி. அதில் டீ மர்ரி பேஸ், நைஜல் ஓல்சன் டிரம்ஸ், கித்தாரே கிடையாது. 2013இல் பேஸ் ரஃபேல் சாதிக், டிரம்ஸ் ஜே பெல்லரோஸ்.

ரசிகர்களின் ஏக்கத்தில் நியாயம் உண்டு. 1970களின் ஹிட் பாடல்களில் பல்லவி வந்ததும் எல்டன் குழுவின் டேவி ஜான்ஸ்டனுடைய கித்தார் ஏறும், குழுவினரின் சேர்ந்திசைக் குரல்கள் மேலே விரியும். ஒரே முறை கேட்டாலும் மனதில் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான். இந்த ஆல்பத்தில் ஜான்ஸ்டனும் இல்லை, ஓல்சனும் இல்லை. விமர்சகர்களுக்கோ அந்த வெற்றிடமே வரம். இடதுகை கீழ்ச்சுரங்களில் நடப்பதும், பாடும் வரி முடிந்ததும் வலதுகை அதற்குப் பதில் சொல்வதும் மறைப்பின்றிக் கேட்கின்றன. இந்த விஷயத்தில் எங்கள் ஓட்டு விமர்சகர்களுக்கே. ஆனால் பாடல் வரிசையில் கோளாறு இருக்கிறது: துள்ளலான ‘மெக்சிகன் வெகேஷன்’ 13ஆவது இடத்தில் கிடக்கிறது. பொறுமை இழந்தவர்கள் அதற்குள் எழுந்து போயிருப்பார்கள்.

கேள்வி: எல்டனின் குரல் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது? ஒலிப்பதிவின் குறையா?

பதில்: இல்லை. 1987இல் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு அவருடைய குரல் கீழிறங்கியது. இளமைக்கால ஃபால்செட்டோவும் (மெல்லிய உச்சக் கள்ளக்குரல்) போயிற்று. ஆல்பம் வந்தபோது வயது 66. மெட்டுகளும் அந்தக் குரலின் வசதிக்கேற்ப மத்திய, கீழ்ச் சுரங்களிலேயே உலவுகின்றன. உச்சத்துக்கு ஏறுவார் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சொற்களை அவர் எப்படி அழுத்துகிறார் என்று கவனியுங்கள்.

கேள்வி: எனக்கு எல்லாப் பாடல்களும் மங்கலாக, ஒரே மாதிரி கேட்கின்றன. எப்படிக் கேட்பது?

பதில்: கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் அதைத் தர முடியாது. மூன்று கருவிகளில் ஒன்று தேய்ந்துபோனால் மிச்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். ஹெட்ஃபோனில் ‘பேஸ் பூஸ்ட்’ (தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் வசதி) வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள். பேஸும் பியானோவின் இடதுகையும் பெரும்பாலும் ஒரே தாழ்ந்த சுரங்களில் உலவுவதால், அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டால் இரண்டும் குழம்பிக் குரலையும் மூடிவிடும். ஒருவர் எதிரே அமர்ந்து பேசும் அளவுக்குக் குரல் கேட்டால் ஒலி போதும்.

ஷஃபிள் (பாடல்களைத் தாறுமாறான வரிசையில் போடுவது) வேண்டாம். 15 தடங்களில் ‘ட்ரீம்’ என்ற பெயரில் வரும் மூன்றும் சிறிய பியானோ இடையிசைகள். இடம் மாறினால் துண்டாகத் தொங்கும். முதல் தடவை மட்டும் இப்படிக் கேளுங்கள்: ‘மெக்சிகன் வெகேஷன்’, பிறகு ‘ஹோம் அகெய்ன்’, அதன்பின் குரலும் பியானோவும் மட்டுமே உள்ள ‘ஓஷன்ஸ் அவே’. காது பழகியதும் முதல் தடத்திலிருந்து முழுமையாகப் போடலாம்.

கேள்வி: பாடல் வரிகள் யாருடையவை?

பதில்: பெர்னி டாப்பின். 1967 முதல் எல்டனின் கூட்டாளி.