லேன் ஹட்சனை ஸ்கவுட்டுகள் கோட்டை விட்டது எப்படி? இளம் டிஃபென்ஸ்மேனை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: ஐஸ் ஹாக்கியில் 17, 18 வயதுப் பையன் ஒருவன் டிஃபென்ஸ் ஆடுகிறான் என்றால் அவனுடைய பலம், பலவீனத்தை ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக இளம் வீரர்களைத் தேடிக் கணிப்பவர்கள்) எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அப்படித் தேடித் திரிபவர்கள் இன்று மொன்ட்ரியல் கனேடியன்ஸ் அணியில் கலக்கும் டிஃபென்ஸ்மேன் லேன் ஹட்சனை எப்படிக் கோட்டை விட்டார்கள்?

கோட்டை விட்டார்கள் என்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அணிகள் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த 2022-இல் ஹட்சனைப் பற்றி எழுதப்பட்ட பலவீனங்கள் எல்லாமே உண்மை, இன்றும் உண்மை. ஆள் குள்ளம், எடை இல்லை, நேர்கோட்டு ஓட்டத்தில் மின்னல் வேகம் கிடையாது. பலவீனத்தைச் சரியாக எழுதியவர்கள், அவருடைய பலம் அதை எவ்வளவு தூரம் மூடும் என்பதைத்தான் குறைத்துக் கணக்குப் போட்டார்கள்.

நான் ஸ்கவுட் இல்லை. மொன்ட்ரியலில் இருக்கிறேன், கனேடியன்ஸ் ஆட்டங்களை விடாமல் பார்ப்பவன், மகன் இங்கே சிறுவர்களுக்கான மைனர் ஹாக்கியில் டிஃபென்ஸ் ஆடுவதால் குளிரில் ரிங்க் பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் பிள்ளைகளையும் கவனிக்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்காக. என்.ஹெச்.எல். என்பது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக், அதில் அணிகள் 32. வருடத்துக்கு ஒரு தடவை, செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிரம்பும் பையன்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள், ஏழு சுற்று, இதற்குப் பெயர் டிராஃப்ட். 2022 டிராஃப்ட் மொன்ட்ரியலிலேயே நடந்தது. முதல் இடம் எங்களுடையது, யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்தார்கள். 26-இல் ஃபிலிப் மெஷார், 33-இல் ஓவன் பெக், அதற்கும் பிறகு 62-இல்தான் ஹட்சன். அதாவது அவரை எடுத்த அணியே மூன்று முறை அவரைத் தாண்டிப் போயிருக்கிறது. அதனால் "எங்கள் ஸ்கவுட்டுகள் மட்டும் புத்திசாலிகள்" என்று இங்கே சிலர் மார்தட்டுவதை நான் ரசிப்பதில்லை.

அந்தப் பையன் பிறகு என்ன செய்தான்? பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் 39 ஆட்டத்தில் 48 புள்ளி (கோலும், கோலுக்கு உதவும் பாஸான அசிஸ்ட்டும் தலா ஒரு புள்ளி), அதுவும் டிஃபென்ஸில் ஆடிக்கொண்டு. 2024-25-இல் என்.ஹெச்.எல்.லில் முதல் முழு சீசன்: 82 ஆட்டம், 6 கோல், 60 அசிஸ்ட். அறிமுக சீசனில் ஒரு டிஃபென்ஸ்மேன் எடுத்த அதிகபட்ச அசிஸ்ட் லாரி மர்ஃபி 1980-81-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு ஆடி எடுத்த 60, அதைச் சமன் செய்துவிட்டார். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் அவருக்கே.

சரி, ஒரு இளம் டிஃபென்ஸ்மேனைப் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது? பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) எங்கே போகிறதோ அங்கேயே நம் கண்ணும் போகும், முதலில் அதை நிறுத்த வேண்டும். ஒரு ஷிஃப்ட் (பெஞ்சிலிருந்து இறங்கித் திரும்பும்வரை ஆடும் சிறு நேரம்) முழுக்க அந்த ஒருவனை மட்டும் பார்க்க வேண்டும். குறிப்பாக ஒரு இடம்: எதிரணி பக்கை மூலைக்கு அடித்துவிட்டு இரண்டு பேர் துரத்திக்கொண்டு வருகிறார்கள், நம் ஆள் தன் கோலுக்கே முகத்தைக் காட்டிக்கொண்டு அந்த பக்கை எடுக்கப் போகிறான். டிஃபென்ஸ்மேனின் வேலையில் பெரும்பகுதி இந்தக் காட்சிதான், ஒரு ஆட்டத்தில் திரும்பத் திரும்ப வரும். அவன் போர்டை (மைதானத்தைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்) அடைவதற்கு முன்னால் தோள் வழியாகத் திரும்பிப் பார்க்கிறானா? ஒரு தடவையா, இரண்டு தடவையா? நல்ல பஸ் டிரைவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல, யோசிக்காமலே அது நடக்க வேண்டும். பார்க்காதவன் பக்கை எடுத்த பிறகுதான் யோசிக்க ஆரம்பிப்பான், அதற்குள் முதுகில் இடி விழும், அல்லது பயத்தில் பக்கை போர்டு வழியாகக் கண்மூடித்தனமாக அடித்துவிடுவான், அது நீலக் கோட்டில் (தாக்கும் பகுதி தொடங்கும் எல்லைக் கோடு) நிற்கும் எதிரியிடம் போய்ச் சேரும். புள்ளிவிவரத் தாளில் இதற்கு எந்தக் கோடும் விழாது. ஆனால் அந்த ஷிஃப்ட்டில் அடுத்த நாற்பது விநாடியும் அவன் அணி தன் பகுதியிலேயே மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்.

ஹட்சன் இந்த இடத்தில்தான் வேறு ஆள். துரத்தி வருபவன் எந்தத் தோளைச் சாய்க்கிறான் என்று முன்னாலேயே படித்துவிடுகிறார். இடதுபக்கம் போவதுபோலத் தோளை ஒரு குலுக்கு, அவன் அந்தப் பக்கம் எடையைப் போட்டதும் இவர் வலதுபக்கம் வெளியே வந்துவிடுவார். 75 கிலோகூட இல்லாத ஆளை நூறு கிலோ ஆள் இடிக்க வேண்டுமென்றால் முதலில் தொட வேண்டும் அல்லவா. குள்ளமான டிஃபென்ஸ்மேனைப் பார்த்தவுடன் "இவன் மோதலில் தோற்பான்" என்று எழுதுவது எளிது. பத்து மோதலில் எத்தனையை அவன் நடக்கவே விடுவதில்லை என்று எண்ணினால்தான் படம் முழுமையாகும். அதை எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும்.

அடுத்தது ஸ்கேட்டிங். நேராக யார் வேகம் என்பது ஃபார்வர்டுக்குச் சரி. டிஃபென்ஸ்மேன் பாதி நேரம் பின்னோக்கிப் போகிறான், எதிரி திசை மாற்றினால் வேகம் குறையாமல் முன்னோக்கித் திரும்ப வேண்டும், அந்தத் திருப்பத்தில் குதிகால் சிக்கினால் ஆட்டம் முடிந்தது. வளர்ந்த பையன்களிடம் இதைத்தான் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும், கால் நீளமாக இருப்பவர்களுக்குத் திருப்பம் தாமதமாகும், ஜூனியரில் கையின் நீளத்தை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஹட்சனுடைய நேர்கோட்டு வேகம் சுமார்தான், ஆனால் ஸ்கேட்டின் விளிம்புகளில் அவர் ஆடும் ஆட்டம் அபாரம். எதிரணியின் நீலக் கோட்டின்மீது இரண்டு குதிகாலையும் ஒன்றையொன்று பார்க்க வைத்துப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போவார், முகம் முழுநேரமும் கோலைப் பார்த்தே இருக்கும். அவரைத் தடுக்க வருபவனுக்கு இது ஷாட்டா, பாஸா என்று கடைசிவரை தெரியாது. இதே வித்தை நீலக் கோட்டில் சறுக்கினால் எதிரிக்குத் தனியாக ஓட்டம் கிடைத்துவிடும், அது அவருக்கு நடந்தும் இருக்கிறது. துணிச்சலுக்கான விலை அது. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருக்கிற பயிற்சியாளர் கிடைப்பானா என்பதும் சேர்ந்துதான் ஒரு இளைஞனின் எதிர்காலம், அதற்குப் பிறகு வருகிறேன்.

தற்காப்பு என்றதும் பலர் இடிப்பதையே நினைக்கிறார்கள். இடி விழுந்தால் அரங்கம் கத்தும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது இடைவெளி. எதிரி பக்கோடு வரும்போது நம் ஆள் அவனிடமிருந்து ஒன்றிரண்டு ஸ்டிக் நீளத் தூரத்தில் தன்னை வைத்துக்கொள்கிறானா, அல்லது பயந்து பயந்து தன் கோல்வரை பின்வாங்கிப் போகிறானா? பின்வாங்குபவன் எதிரிக்கு இலவசமாக இடம் கொடுக்கிறான். இந்தக் கலைக்கு நான் காட்டும் ஆள் ஜாக்கப் ஸ்லாவின். கரோலினா அவரை 2012 டிராஃப்ட்டில் 120-ஆவது இடத்தில் எடுத்தது. ஸ்டிக்கைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் வைத்தே பக்கைத் தட்டிப் பறித்துவிடுவார், ஆளைத் தொடத் தேவையே இல்லை. பெனால்ட்டி வாங்காமல் கண்ணியமாக ஆடுபவருக்குத் தரும் லேடி பிங் கோப்பையை 2021, 2024 என இரண்டு முறை ஒரு டிஃபென்ஸ்மேன் வாங்குவது எவ்வளவு அபூர்வம்!

அதே 2012-இல் நான்காவது இடத்தில் போனவர் கிரிஃபின் ரைன்ஹார்ட். ஆறடி நான்கு அங்குலம், நிதானமான ஆள், எட்மன்டன் ஆயில் கிங்ஸ் என்ற ஜூனியர் அணியோடு 2014-இல் கனடாவின் ஜூனியர் பட்டமான மெமோரியல் கோப்பை வென்றவர். என்.ஹெச்.எல்.லில் மொத்தம் ஆடியது 37 ஆட்டம். கால் அந்த வேகத்துக்கு வரவில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2015-இல் அவரை நியூயார்க் ஐலண்டர்ஸிடமிருந்து வாங்க எட்மன்டன் கொடுத்த 16-ஆவது தேர்வில்தான் ஐலண்டர்ஸ், பிறகு நட்சத்திர ஃபார்வர்டான மேத்யூ பார்ஸலை எடுத்தார்கள். ஹட்சனைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. குள்ளனைத் தவறவிட்டால் கேலி செய்கிறோம், நெட்டையனைத் தவறாக எடுத்தால் "துரதிர்ஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம்.

அதற்காக உயரம் பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. என் மகனின் அணியில் சில அப்பாக்கள் ஹட்சன் பெயரைச் சொல்லியே தங்கள் பிள்ளைக்குக் கனவு கட்டுகிறார்கள், பாவமாக இருக்கும். கோலுக்கு முன்னால் நிற்கும் நூறு கிலோ ஃபார்வர்டை நகர்த்த வேண்டும், கோலியின் பார்வையை அவன் மறைக்கிறான், அங்கே தோள் குலுக்கலுக்கு வேலை இல்லை. பெனால்ட்டி கில்லில் (நம் அணிக்கு ஒரு ஆள் குறைவாக ஆடும் நேரம்) நீளமான கை பாஸ் போகும் பாதையை மறைக்கும். கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுகளில் நடுவர்கள் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு இது இரட்டிப்பாகும். 2025-இல் வாஷிங்டனிடம் முதல் சுற்றில் ஐந்தே ஆட்டத்தில் நாங்கள் தோற்றபோது அந்த உடல் பலத்தைக் கண்கூடாகப் பார்த்தோம். டிராஃப்ட்டுக்கு முன் ஹட்சனே இந்தக் கவலையைப் புரிந்துகொண்டு, தன் எலும்பு வளர்ச்சி இன்னும் முடியவில்லை, இன்னும் வளர்வேன் என்று மருத்துவரின் கடிதத்தை அணிகளிடம் காட்டினார். எனக்கு அதில் பிடித்தது அந்தப் பையனின் பிடிவாதம்தான், கடிதம் பெரிதாக யாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

ஆகவே ஒரு குறையை எழுதும்போது பக்கத்திலேயே அது தீரக்கூடியதா என்றும் எழுத வேண்டும். உடல் வலு இரண்டு மூன்று வருடத்தில் வரும், ஷாட்டின் வேகம் வரும், இடைவெளியைக் கணிப்பதை நல்ல பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்துவிடலாம். கால் வேகம் ஓரளவுக்கு. ஆனால் அழுத்தத்தில் பதறுபவன் பெரிய லீக்கில் இன்னும் அதிகமாகப் பதறுவான், ஏனென்றால் நேரம் இன்னும் குறைவு. ஆட்டத்தைப் படிக்கும் அறிவு 18 வயதில் இல்லாமல் 22-இல் முளைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

புள்ளிகளை நம்பி ஏமாறுவது இன்னொரு கதை. பவர் பிளேயில் எதிரணிக்கு ஒரு ஆள் குறைவு, அங்கே நீலக் கோட்டில் நின்று பாஸ் தள்ளினாலே அசிஸ்ட் விழும். ஐந்துக்கு ஐந்தில் எத்தனை எடுத்தான் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். யாரோடு ஆடுகிறான், எந்த லீக், எந்த மாதம் பிறந்தான் என்பதும். செப்டம்பர் கடைசியில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவனாக டிராஃப்ட்டுக்கு வருகிறான், அந்த வயதில் ஒரு வருடம் என்பது மலை. லீக்கை வைத்து மட்டும் ஒதுக்குவதும் தப்பு. கேல் மக்கார் அல்பெர்ட்டாவில் ப்ரூக்ஸ் பாண்டிட்ஸ் என்ற, முதல்நிலை ஜூனியர்கூட இல்லாத அணியில் ஆடியவர், அங்கே எடுத்த புள்ளிக்கு மதிப்பு உண்டா என்று பலருக்குச் சந்தேகம். கொலராடோ 2017-இல் நான்காவதாக எடுத்தது. இன்று அவரிடம் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை இரண்டு, லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை ஒன்று.

பயிற்சியாளர் விஷயத்துக்கு வருகிறேன். ஹட்சன் வந்து சேர்ந்த அணியின் பயிற்சியாளர் மார்ட்டின் சென்ட் லூயி. ஐந்தடி எட்டு அங்குலம், ஆடிய காலத்தில் யாருமே டிராஃப்ட் செய்யாத ஆள், 2004-இல் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். நீலக் கோட்டில் பக்கைத் தொலைத்த இளைஞனை அடுத்த ஷிஃப்ட்டில் பெஞ்சில் உட்கார வைக்கும் பயிற்சியாளர்கள் இந்த லீக்கில் நிறைய. இவர் முதல் சீசனிலேயே ஹட்சனுக்கு ஆட்டத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் கொடுத்தார். வேறு அணி எடுத்திருந்தால் இதே ஹட்சன் இரண்டு வருடம் மைனர் லீக்கில் "தற்காப்பைக் கற்றுக்கொள்" என்று அலைந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். இதை எந்த ஸ்கவுட்டும் அறிக்கையில் எழுத முடியாது, அதனால்தான் 62 என்ற எண்ணை வைத்து அவர்களை நான் ரொம்பவும் திட்டுவதில்லை. 2025 அக்டோபரில் எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 88.5 லட்சம் டாலர்.

ஆனால் திட்ட வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹட்சனின் தம்பி பெயர் கோல் ஹட்சன் (Cole), அவரும் டிஃபென்ஸ்மேன், அவரும் குள்ளம், அதே மாதிரி ஆட்டம். 2024 ஜூனில் அவருடைய டிராஃப்ட் வந்தபோது அண்ணன் கல்லூரியில் இரண்டு வருடம் கலக்கியதை 32 அணிகளும் பார்த்து முடித்திருந்தன. அப்படியும் 43-ஆவது இடத்தில்தான் வாஷிங்டன் எடுத்தது. ஆறே மாதத்தில் அவர் உலக ஜூனியர் போட்டியில் ஃபார்வர்டுகளையும் தாண்டி, தொடரிலேயே அதிகப் புள்ளி எடுத்தார். அண்ணனுக்கு 62, தம்பிக்கு 43. என்னைக் கேட்டால் முதல் சுற்றிலேயே போயிருக்க வேண்டிய பையன்.