எம்டிடி சோதனையில் 140 சதவீதம் வருவது ஏன்?

நண்பரே, உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி சோதனையில், நெல்லிச் சாறு சேர்த்த தட்டுக் குழிகளில் செல் உயிர்ப்பு (சாறு சேர்க்காத செல்களை 100 எனக் கொண்டு) 140 சதவீதம் காட்டுகிறது, ஆனால் நுண்ணோக்கியில் பாதி செல்கள் உருண்டு மிதக்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் சரி.

எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல் ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான் கொடுத்து) ஊதா ஃபார்மசானாக மாற்றும்; ஊதா கூடினால் உயிருள்ள செல் அதிகம் என்று கணக்கு. நெல்லியின் பாலிஃபீனால்களும் அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) செல்லே இல்லாமல் அதே வேலையைச் செய்துவிடும். முதலில் செல் போடாத குழிகளில் செல் வளர்ப்பு ஊடகம், சாறு, எம்டிடி மூன்றையும் சேர்த்து 37 டிகிரியில் வைத்து, வழக்கம்போல் கரைத்து, 570 நானோமீட்டர் ஒளியில் நிறத்தை அளந்து பாருங்கள். ஊதா ஏறினால் குற்றவாளி சாறுதான்.

அடுத்த முறை எம்டிடி ஊற்றுமுன் பழைய ஊடகத்தை எடுத்துவிட்டு பிபிஎஸ் என்ற உப்புத் தாங்கல் கரைசலால் கழுவுங்கள். குழியின் ஓரமாக, மெதுவாக. எஸ்ஆர்பி என்ற சாயச் சோதனையும் ஒன்று ஓட்டுங்கள். அது செல்லின் புரதத்தை அளப்பதால் இந்தச் சிக்கல் வராது. அதுவரை அந்த 140-ஐ 'செல் பெருக்கம்' என்று ஆய்வேட்டில் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.