சர்க்கரைக்கு நிறம் மாற்றினால் போதுமா? – டீச்சரின் அடுப்படி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டபுள் சாக்லேட் குக்கீஸ் பற்றித்தான். பள்ளி விடுமுறை நெருங்குகிறது, காரணம் புரிகிறது. குழம்பு, ஊறுகாய் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

டீச்சர், மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, சீனிக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, வெண்ணெய் பாதி அளவு என்று ஆரோக்கியமாக டபுள் சாக்லேட் குக்கீஸ் செய்தேன். சுடச்சுட நன்றாக இருந்தது. ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. பிள்ளைகள் சுத்தியல் எடுத்து வரட்டுமா என்று கேட்கிறார்கள். எங்கே தப்பு?
– வாசகி, திண்டுக்கல்

மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காலை வாரியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேதியியல் ஆய்வகத்தில் என் மாணவிகளிடம் ஓயாமல் சொன்னதுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

உங்கள் விஷயத்தில் நாட்டுச் சர்க்கரை நிரபராதி. கோதுமை மாவும் வெண்ணெயும்தான் கூட்டுக் குற்றவாளிகள். மில்லில் கல்லுக்கு நடுவே அரைபடும்போது கோதுமையின் மாவுச்சத்து நிறைய நொறுங்கிப்போகிறது. அதோடு தவிடும் இருப்பதால், மைதாவைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். சப்பாத்தி மெத்தென்று வருவதே அதனால்தான். குக்கீயிலோ இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். மாவின் பசைத்தன்மை இழுத்துக் கட்டாமல் நடுவில் நின்று தடுப்பது கொழுப்பு. அதைப் பாதியாக்கிவிட்டீர்கள். அப்புறம் கல்லாகாமல் என்ன செய்யும்?

என் அளவைச் சொல்கிறேன். ஆட்டா 60 கிராம், வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து ஆறவைத்த கேழ்வரகு மாவு 60 கிராம், இனிப்பில்லாத கோகோ பவுடர் 30 கிராம், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகச் சலித்து வையுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 80 கிராமையும் நாட்டுச் சர்க்கரை 90 கிராமையும் நன்றாகக் குழைத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, ஃபில்டரில் இறங்கிய கெட்டியான முதல் டிகாஷன் ஒரு டேபிள்ஸ்பூன் சேருங்கள். காபி வாசம் தனியாகத் தெரியாது. சாக்லேட் வாசத்தைத்தான் தூக்கிக் கொடுக்கும். பிறகு மாவுக் கலவை, கடைசியில் பொடியாக நறுக்கிய டார்க் சாக்லேட் 60 கிராம். பிசையாதீர்கள், கரண்டியால் சேர்த்தால் போதும்.

கேழ்வரகைச் சத்துக்காக மட்டும் போடவில்லை. கோதுமைக்குப் பசைத்தன்மை தருகிற குளூட்டன் என்ற புரதம் அதில் கிடையாது, அதனால் இறுகாது. அதன் கருநிறம் கோகோவில் மறைந்துவிடும், பிள்ளைகளுக்கும் தெரியாது. முழுக்கக் கேழ்வரகு போட்டால் கையில் எடுக்கும்போதே உதிரும், அதனால்தான் பாதிக்குப் பாதி.

மாவை மூடி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். தவிடு ஊறவும் வெண்ணெய் இறுகவும் அந்த நேரம் வேண்டும். பிறகு 20 உருண்டைகள் பிடித்து, லேசாகத் தட்டி, முன்கூட்டியே சூடாக்கிய ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின் ஓவன்) 170 டிகிரியில் 10 அல்லது 11 நிமிடம். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மற்ற பிஸ்கட் என்றால் பொன்னிறம் பார்த்து எடுப்போம். இது உள்ளே போகும்போதே கறுப்பு, நிறம் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. விரலால் ஓரத்தைத் தொடுங்கள். ஓரம் கெட்டியாகி, நடுவில் அழுத்தினால் இன்னும் குழிந்தால் அதுதான் பதம். வேகவில்லையே என்று கை துறுதுறுக்கும், மீண்டும் உள்ளே தள்ளாதீர்கள். தட்டிலேயே 10 நிமிடம் விட்டால் தானாக இறுகும்.

இந்த அளவில் ஒரு குக்கீ ஏறத்தாழ 90 கலோரி. சர்க்கரை, சாக்லேட்டில் இருப்பதையும் சேர்த்து, சுமார் 5 கிராம். ஒரு நாளைக்கு இப்படிச் சேர்க்கும் சர்க்கரை மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம். ஐந்து குக்கீயில் அது தீர்ந்துவிடும். காலைக் காபியில் போட்டதை யார் கணக்கில் வைப்பது?

மாமியாருக்குச் சர்க்கரை நோய். நாட்டுச் சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டுச் செய்தால் தைரியமாகக் கொடுக்கலாம்தானே?
– வாசகி, கரூர்

தைரியம் வேண்டாம்மா. நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான். 100 கிராமுக்குச் சீனியில் 400 கலோரி என்றால் இதில் 380 பக்கம். இரும்பு, தாது உப்பு என்று சொல்வதெல்லாம் ஒரு குக்கீயில் போகிற அளவுக்கு இல்லாததுபோலத்தான். நான் அதைப் போடுவது ருசிக்காகவும், ஈரத்தைப் பிடித்துவைத்து நடுவை மென்மையாக்குவதற்காகவும் மட்டுமே. பேரீச்சம்பழ விழுதும் அப்படியே. அதுவும் சர்க்கரைதான், கூடக் கொஞ்சம் நார்ச்சத்து.

சர்க்கரையின் நிறத்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதுதான் உருப்படியான வழி. என் அளவிலிருந்து இன்னும் 20 கிராம் குறைக்கலாம், குக்கீ கொஞ்சம் பரவாமல் குண்டாக நிற்கும், அவ்வளவுதான். அதற்கும் கீழே போனால் அது குக்கீ இல்லை, சாக்லேட் வாசனையடிக்கும் தட்டை. மாமியாருக்கு எத்தனை, எப்போது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். நான் டீச்சர், டாக்டர் இல்லை.

கடையில் ஒரு கோகோ பவுடர் செம்பழுப்பாக இருக்கிறது, இன்னொன்று கருகருவென்று இருக்கிறது. கறுப்பாக இருந்ததை வாங்கிச் செய்தேன், சோப்பு வாடை அடித்தது. கெட்டுப்போன சரக்கா?
– வாசகர், சேலம்

சரக்கு நல்ல சரக்குதான், சோடாவோடு பொருத்தம் சரியில்லை.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் கிளையில் மட்டுமல்ல, அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும். உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாகச் சதை, வாயில் போட்டால் இனிப்பும் புளிப்பும். கொட்டையை இரண்டாகக் கடித்தால் உள்ளே ஊதா நிறம், ஒரே கசப்பு. சாக்லேட் வாசம் துளியும் இருக்காது. அந்தச் சதையோடு சேர்த்துக் குவித்து மூடி, ஒரு வாரம் போலப் புளிக்க வைத்து, காயவைத்து, வறுத்த பிறகுதான் வாசமே வரும். புளிக்கும்போது ஊறிய அமிலம் கொஞ்சம் கொட்டையிலேயே தங்கிவிடும். அதனால் சாதாரண கோகோ பவுடர் புளிப்புத்தன்மை உள்ளது. சமையல் சோடாவோடு சேர்ந்தால் வினைபுரிந்து மாவை எழுப்பும், சோடாவும் செலவாகிவிடும்.

கறுப்பாக இருப்பது காரம் சேர்த்துப் பதப்படுத்தியது. மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்தை முறிக்கும் காரம். நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பம் 19ஆம் நூற்றாண்டில் பிரபலமாக்கிய முறை. அதில் அமிலம் ஏற்கெனவே முறிந்துபோயிருக்கும். நீங்கள் போட்ட சோடாவுக்கு வேலையில்லை, அப்படியே நின்று சோப்பு மணக்கிறது. இந்த வகைக்குச் சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன் போடுங்கள். பாக்கெட்டின் பின்னால் அமிலத்தன்மை சீராக்கி என்று போட்டு 500, 501 மாதிரி எண்கள் இருந்தால் அது இந்த ரகம். காரம் சேர்ப்பதில் கோகோவில் இயற்கையாக இருக்கும் ஃப்ளேவனால் என்ற தாவரச் சத்து குறைந்துவிடுகிறது. ஆரோக்கியத்துக்காகச் செய்கிறவர்கள் செம்பழுப்பையே வாங்குங்கள்.

டார்க் சாக்லேட் விலை கட்டுப்படியாகவில்லை. பேக்கரி சாமான் கடையில் பெரிய கட்டியாக மலிவாகக் கிடைக்கிறதே, போடலாமா?
– வாசகி, விருதுநகர்

அது பெரும்பாலும் காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெய்க் கொழுப்பு போட்டது. கோகோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகும், அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. காம்பவுண்ட் அண்ணத்தில் மெழுகாகப் படியும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, அந்த வகையில் பழைய பயம் குறைந்திருக்கிறது. இருந்தாலும் அந்தக் கட்டியில் முதலிடம் சர்க்கரைக்குத்தான்.

60 கிராம் நல்ல சாக்லேட் வாங்கப் பணம் இடிக்கிறதென்றால் 30 கிராம் போட்டு, மிச்சத்துக்கு வறுத்த வேர்க்கடலையை உடைத்துப் போடுங்கள். டபுள் சாக்லேட் ஒன்றரை சாக்லேட் ஆகும். பரவாயில்லை, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, ஓவனும் கிடையாது. வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

உண்டு. ஆளிவிதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூனை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் கொழகொழவென்று வரும், அதுவே முட்டையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடிகனமான இரும்புக் கடாயில் ஒரு ஸ்டாண்டை வைத்து, மூடி, சின்னத் தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். தட்டில் ஐந்தாறு உருண்டைகளை இடம் விட்டு வைத்து உள்ளே இறக்கி 15 நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். குக்கரில் செய்கிறவர்களும் உண்டு. தண்ணீரில்லாமல் காய்ந்தால் குக்கர் பாழாகும், நான் சொல்ல மாட்டேன்.

ஜிம்முக்குப் போகிறேன் டீச்சர். மாவுக்குப் பதில் முழுக்கப் புரோட்டீன் பவுடர் போட்டால்?
– கல்லூரி மாணவர், கோவை

அந்தப் பவுடர் பெரும்பாலும் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன், அடுப்பில் வறண்டு ரப்பராகும் தம்பி. ஆட்டாவில் 20 கிராமுக்குப் பதிலாக மட்டும் போட்டுப் பாருங்கள். இல்லை, குக்கீயைக் குக்கீயாகச் சாப்பிட்டுவிட்டு கூட இரண்டு முட்டை அவித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் காற்றில் இரண்டே நாளில் நமுத்துப்போகிறது. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகி, திருவான்மியூர்

சுட்டதைப் பாதுகாப்பதை விட்டுவிட்டு, சுடாததைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். உருண்டை பிடித்து, தட்டில் ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் கெட்டியாக்கி, பிறகு டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது ஆளுக்கு ஒன்றாக எடுத்து அப்படியே சுடலாம், இரண்டு நிமிடம் கூடுதலாக வையுங்கள். இருபதும் ஒரே நேரத்தில் மேசைக்கு வராததால் கைக்கும் ஒரு கட்டுப்பாடு வரும். டப்பா மேல் தேதியையும் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் புளி உருண்டை என்று நினைத்து ரசத்துக்குக் கரைக்கப் போய்விட்டார்.