மெதுவாகிவிட்ட விண்டோஸ் கணினி: துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்து பத்து நிமிடம் ஆனாலும் எதையும் திறக்க முடிவதில்லை. சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகக் காட்டுகிறது. டி டிரைவ் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் வைரஸ் இருப்பதாக எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. இலவசமாகக் கிடைத்த இரண்டு க்ளீனர் மென்பொருள்களையும் இரண்டாவதாக ஓர் ஆன்டிவைரஸையும் நிறுவிப் பார்த்தேன்; முன்பைவிட மோசமாகிவிட்டது. ஃபார்மட் செய்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் ஒரே நோயாக எண்ணிக்கொண்டிருப்பதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் உள்ளன: கணினி தொடங்கும்போது திணறுவது, சி டிரைவில் இடமில்லாதது, மூலையில் வரும் எச்சரிக்கை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. எது எதனால் வருகிறது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்க முற்பட்டால், காரணம் அப்படியே இருக்க, தேவையான கோப்புகள்தான் போகும். ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் ஃபார்மட் செய்த சில நாட்களிலேயே அதே திணறல் திரும்பி வந்துவிடும்.

முதல் வேலை பேக்கப். ஏழு ஆண்டுகள் ஓடிய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி நாளுக்கு நாள் மெதுவாகும்போது, அந்த டிஸ்க் செயலிழக்கத் தொடங்கியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறந்தால் மட்டும் திரை உறைவது, சிறிய கோப்பைப் பிரதியெடுக்கவே நெடுநேரம் ஆவது, பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்ற ஒலி சீராக வருவது ஆகியவை அதன் அறிகுறிகள். அத்தகைய டிஸ்க்கில் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு ஸ்கேனும் அதன் மிச்ச ஆயுளைச் செலவழிக்கிறது. ஆகவே புகைப்படங்கள், ஆவணங்கள், டெஸ்க்டாப்பில் கிடப்பவை அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்து, அவற்றில் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது; சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள் என்பதால் டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவில் ஒத்திசைந்திருக்கும் கோப்புகளை மட்டும் நம்பியிருப்பதும் போதாது, ஏனெனில் கணினியில் ஒன்றை அழித்தால் அந்த அழிப்பும் ஒத்திசைந்து அங்கேயும் சென்றுவிடும்.

அடுத்தது, கணினி எதில் மும்முரமாக இருக்கிறது என்று அதனிடமே கேட்பது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; சுருங்கிய வடிவில் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெயில்ஸ்' என்பதை அழுத்துங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று பத்திகளின் தலைப்பிலும் சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். கணினி திணறும் அந்தப் பத்து நிமிடமும் இந்தத் திரையைத் திறந்து வைத்துப் பாருங்கள். உங்களுடையதைப் போன்ற கணினியில் பெரும்பாலும் சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு விந்தையும் தெரியும்: 100 சதவீத உழைப்பு என்று சொல்லும் அதே டிஸ்க், விநாடிக்கு ஒரு எம்பிகூடப் படித்திருக்காது.

இந்த முரணைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். ஹார்ட் டிஸ்க்கினுள் தட்டுகள் சுழல்கின்றன. ஊசி போன்ற ஒரு கை அவற்றின் மேல் நகர்ந்து படிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க 8 மில்லிசெகண்டுக்குச் சற்று அதிகமாகும். கை இடம் மாறவும் ஏறக்குறைய அதே அளவு நேரம் பிடிக்கும். ஆக, சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து படிக்கச் சொன்னால் விநாடிக்கு நூறு இடங்களைக்கூடத் தொட இயலாது. ஒரே பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி தரும் அதே டிஸ்க், 4 கேபி துண்டுகளாக அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க நேர்ந்தால் அரை எம்பிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விண்டோஸ் தொடங்கும் தருணத்தில் நடப்பது இந்த இரண்டாவது வகை வேலைதான். அப்டேட் தேடும் சேவை, ஆன்டிவைரஸ், தேடல் அட்டவணை, தானாகத் தொடங்கும் பத்துப் பதினைந்து மென்பொருள்கள் எல்லாம் ஒரே கையை ஒரே நேரத்தில் வெவ்வேறு திசைகளில் இழுக்கின்றன. போதாக்குறைக்கு, 4 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் தன் நினைவகத்தின் ஒரு பகுதியை அதே டிஸ்க்கில் எழுதி, மீண்டும் படிக்கிறது.

அதே பக்கத்தில் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' (டிஸ்க் பதிலளிக்கச் சராசரியாக ஆகும் நேரம்) என்ற எண்ணையும் கவனியுங்கள். வேலை மும்முரத்தில் அது நூறு, இருநூறு மில்லிசெகண்ட் காட்டினால் நெரிசல் என்று கொள்ளலாம். பிற மென்பொருள்கள் ஓய்ந்த பின்னும் ஆயிரக்கணக்கில் நின்றால் டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைக் காட்டும். அதில் நீலத்துக்குப் பதிலாக மஞ்சள் நிறத்தில் 'காஷன்' என்று வந்தாலோ, 'கரன்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தாலோ, வேறு எந்தச் சீரமைப்பிலும் இறங்காமல் டிஸ்க்கை மாற்றுவதே சரி.

டிஸ்க் நலமாக இருந்தால் சுமையைக் குறைக்கத் தொடங்கலாம். நீங்கள் நிறுவிய இரண்டு க்ளீனர்களையும் முதலில் நீக்குங்கள். இவை பெருமையாகக் காட்டும் 'ரெஜிஸ்ட்ரி பிழைகள்' (ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) கணினியின் வேகத்தைப் பாதிப்பவை அல்ல. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள ரெஜிஸ்ட்ரியில் தனக்குத் தேவையான பதிவை விண்டோஸ் நேரடியாகத் தேடி எடுத்துக்கொள்கிறது, சில நூறு உதிரிப் பதிவுகள் அதற்குத் தடையே இல்லை. ரெஜிஸ்ட்ரியைத் துடைக்கும் மென்பொருள்களைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. சில க்ளீனர்கள் பிரீஃபெட்ச் கோப்புறையையும் காலி செய்கின்றன. அது மென்பொருள்களை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு. அதை அழித்தால் அடுத்த முறை தொடக்கம் இன்னும் தாமதமாகும். உங்கள் கணினி 'முன்பைவிட மோசமானதற்கு' இவையும், பின்னணியில் ஓயாமல் காவலிருக்கும் இரண்டாவது ஆன்டிவைரஸுமே காரணம் என்பது என் கணிப்பு. திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் இரு காவலர்கள் நிறுத்திச் சோதித்தால், மெதுவான டிஸ்க்கில் அதன் விளைவு உடனே தெரியும். வெளியிலிருந்து நிறுவிய ஆன்டிவைரஸ்களை நீக்கிவிட்டால், விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கும். வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும்.

பிறகு டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பக்கத்துக்குச் சென்று, கணினி திறந்தவுடன் உங்களுக்குத் தேவைப்படாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். அரட்டைச் செயலிகள், கணினி விளையாட்டுகளை விற்கும் செயலிகள், பிரிண்டரின் உதவி மென்பொருள் போன்றவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம். இதனால் எந்த மென்பொருளும் அழிந்துவிடாது. நீங்கள் திறக்கும்போது வழக்கம்போலவே திறக்கும். ஒலி, டச்பேட், பாதுகாப்பு தொடர்பானவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

டிஸ்க் பத்தியில் 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்', 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' போன்ற பெயர்கள் முதலிடத்தில் இருந்தால் அவற்றை வலுக்கட்டாயமாக நிறுத்தாதீர்கள். முன்னது டிஃபெண்டரின் ஸ்கேன், பின்னது விண்டோஸ் அப்டேட். வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் மட்டும் ஆன் செய்யப்படும் வீட்டுக் கணினிகளில், ஸ்கேனும் அப்டேட்டும் பாதியில் அறுபட்டு ஒவ்வொரு முறையும் மறுபடி தொடங்குகின்றன. ஸ்லீப் வசதியை அணைத்து, இணையத்தில் இணைத்து, ஓர் இரவு முழுக்க அப்படியே விட்டு, காலையில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரீஸ்டார்ட் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விண்டோஸ் 10-இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கருநிரலின் (கெர்னல்) நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்பி வருகிறது, ரீஸ்டார்ட் மட்டுமே முழுமையான புதிய தொடக்கம்.

இனி மூலையில் வரும் வைரஸ் எச்சரிக்கை. அடுத்த முறை வரும்போது அதைச் சொடுக்காமல் நின்று படியுங்கள். அந்தப் பெட்டியில் சிறிய எழுத்தில் உங்கள் பிரவுசரின் பெயரும், ஏதோ ஓர் இணையத்தளத்தின் முகவரியும் இருக்கும். அப்படியிருந்தால் அது வைரஸைக் கண்டுபிடித்த எந்த மென்பொருளின் குரலும் அல்ல. எப்போதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ அழுத்துங்கள்' என்று கேட்டிருப்பார்கள். அந்த ஒரு அழுத்தில் அறிவிப்பு அனுப்பும் உரிமை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பிரவுசரின் செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்று, அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் நீங்கள் அறியாதவற்றை எல்லாம் நீக்கிவிடுங்கள். பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே ஒரு முறை பாருங்கள். இத்தகைய எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது மோசடி என்பதில் ஐயமே வேண்டாம். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இடம்பெறுவதில்லை. அந்த எண்ணை அழைத்து, யாரையாவது கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையவிட்டிருந்தால், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் சந்தேகம் இருந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியின் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டலாம். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுமையாகத் திறப்பதற்கு முன்பே சோதனை நடப்பதால், இயங்கிக்கொண்டே ஒளிந்துகொள்ளும் மால்வேருக்கு அங்கே இடமில்லை.

சி டிரைவின் இடப் பிரச்சினை எளிது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்றால் எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று விண்டோஸே காட்டும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' பட்டியலில் அப்டேட் மிச்சங்கள், தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின் ஆகியவற்றை நீக்கலாம். ஆனால் அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்ற வரியும் இருக்கும். அவசரத்தில் அதையும் டிக் செய்து, சேமித்து வைத்த சான்றிதழ்களையும் ரசீதுகளையும் இழந்தவர்கள் நிறையப் பேர். அதை டிக் செய்யாமல், உள்ளே சென்று நீங்களே பார்த்து அழியுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் ஆகியவை பெரிதாகத் தெரிகின்றன என்பதற்காகக் கையால் அழிக்கக் கூடாது. அழித்தால் அப்டேட் செய்வதும் மென்பொருளை நீக்குவதும் பிறகு முடியாமல் போகும்.

உங்களிடம் டி டிரைவ் காலியாக இருப்பதால் நிரந்தரமான வழி ஒன்று உள்ளது. பிக்சர்ஸ், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகள் ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கி, 'பிராப்பர்ட்டீஸ்', 'லொகேஷன்' என்று சென்று, டி டிரைவில் நீங்கள் உருவாக்கிய தனித்தனிக் கோப்புறைகளுக்கு அவற்றை நகர்த்துங்கள். நிறுவப்பட்ட மென்பொருள்களை மட்டும் இழுத்துப் போட்டு நகர்த்த முயல வேண்டாம்.

மேற்சொன்னவற்றால் பத்து நிமிடத் திணறல் மூன்று, நான்கு நிமிடமாகக் குறையலாம். அதற்கு மேல் ஹார்ட் டிஸ்க்கின் இயல்பே தடையாக நிற்கும். ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றாக, தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை; சிதறிய இடங்களிலிருந்து விநாடிக்குப் பல்லாயிரம் முறை படிக்கும். ஆகவே செலவு செய்வதென்றால் முதலில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கும், அடுத்து ரேமை 8 ஜிபி ஆக்குவதற்கும் செய்யுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கோப்புகள் வைக்க வைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்டியை டீஃபிராக் செய்யத் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கத்) தேவையில்லை. அதற்குரிய பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

செலவுக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் பதிவு செய்துகொண்ட கணினிக்கே அவை வரும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (கணினியிலுள்ள பாதுகாப்புச் சில்லு), குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ஆதரவுப் பட்டியலில் உள்ள பிராசஸர் ஆகியவை தேவை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலி உங்கள் கணினிக்கு அந்தத் தகுதி உண்டா என்று சொல்லிவிடும். தகுதி இருந்தால் எஸ்எஸ்டி மாற்றும்போதே விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிக்கொள்ளலாம், ஃபார்மட் என்ற உங்கள் கேள்விக்கும் அப்போது பொருள் வரும். அதற்கு முன் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் லைசென்ஸ் எண்கள், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் (பூட்டிக் குறியாக்கப்பட்டிருந்தால்) அதைத் திறக்கும் ரெகவரி கீ ஆகிய மூன்றையும் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.