குழந்தையின் பார்வை போகும் இடத்தில் சொல்லைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம் ஆகிறது. நாங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. ஆனால் 15 சொற்கள்தான் பேசுகிறாள். ஆடு, மாடு, பூனை எல்லாமே அவளுக்கு ‘நாய்’தான். பட அட்டைகளையோ கைப்பேசிக் காணொளிகளையோ காட்டிப் பழக்கலாமா?

பதில்: முதலில் அந்த ‘நாய்’ பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது பிழையைவிடச் சிக்கனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. கையில் இருக்கும் சில சொற்களைக் கொண்டே குழந்தை உலகத்தைப் பேச வேண்டியிருப்பதால், பெயர் தெரியாத விலங்குக்கு நெருக்கமான பெயரை வைத்துவிடுகிறது. நான்கு படங்களை வைத்து “நாய் எங்கே?” என்று கேட்டால், இப்படிப் பேசும் குழந்தைகள் பலர் நாயையே சரியாகத் தொடுவார்கள். “இல்லை, தப்பு” என்று திருத்த வேண்டாம், “ஆமாம், பூனை! பூனை ஓடுகிறது” என்று சரியான சொல்லைச் சேர்த்துச் சொன்னால் போதும்.

அட்டையைக் காட்டிச் சொல்லச் சொல்வதில் உள்ள குறை, எதைப் பார்க்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோம் என்பதே. குழந்தை தானாக ஒன்றை உற்றுப் பார்க்கும்போதோ விரல் நீட்டும்போதோ அதன் பெயரைக் கேட்டால், ஒலியும் பொருளும் எளிதில் இணைகின்றன. பெயர் தெரிந்த கரண்டிக்குப் பக்கத்தில் தெரியாத பொருளொன்று இருக்கும்போது புதிய சொல் காதில் விழுந்தால், அது புதிய பொருளுக்கே உரியது என்று குழந்தைகள் ஊகித்துக்கொள்வதும் உண்டு. எனினும் அந்த முதல் பிடிப்பு மெல்லியது. குளிக்கும்போது, உடுத்தும்போது, விளையாடும்போது என்று வெவ்வேறு வாக்கியங்களில் அதே சொல் திரும்ப வந்தால்தான் அது நிலைக்கும்.

காணொளியைப் பொறுத்தவரை, 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் விளையாட்டுக் காட்டியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்கள் திரையில் பேசியபோது பிடிபடவில்லை. திரை குழந்தையின் பார்வையைப் பின்தொடர்வதில்லை, அதன் மழலைக்குப் பதில் சொல்வதுமில்லை.

வீட்டில் இரண்டு மொழிகள் பேசினால், இரண்டிலும் உள்ள சொற்களைச் சேர்த்தே எண்ணுங்கள். உங்கள் மகளுக்குப் புரிதல் நன்றாக இருப்பது நல்ல அறிகுறி. ஆயினும் 24 மாதம் நிறைந்தும் 50 சொற்களை எட்டாமலோ, “அம்மா வா” போல இரண்டு சொற்களைத் தானாகச் சேர்க்காமலோ இருந்தால், குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். பேசிய சொற்களை இழக்கத் தொடங்கினால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.