நாய் வாங்கிக் கொடுத்தால் பேச்சு வந்துவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் இருக்கிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். யாரிடமும் ஒட்டாதவன், என் அண்ணன் வீட்டு நாயின் காதைத் தடவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் அது குரைத்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். "ஒரு நாய் வாங்கிக் கொடு, பேச்சு தானாக வந்துவிடும்" என்கிறார்கள். வாங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: இப்போதைக்கு வேண்டாம், சகோதரி. ஆனால் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

மனிதர்கள் அவனுக்குப் பெரிய வேலை வைக்கிறார்கள். முகம் ஒன்று சொல்லும், குரல் இன்னொன்று சொல்லும், நடுவில் "என்னைப் பார்த்துப் பேசு" என்று அதட்டல் வேறு. நாய் கேள்வி கேட்பதில்லை. போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இந்த வாரமும் இருக்கிறது. மெத்தென்ற காதைத் திரும்பத் திரும்பத் தடவுவதே அவனை அமைதிப்படுத்தலாம்.

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஒவ்வொரு குழுவிலும் ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை, கூடவே வகுப்புத் தோழர்கள் இருவர். 10 நிமிடம் பொம்மைகள், 10 நிமிடம் கினிப் பன்றிகள் (பெயர்தான் பன்றி, எலி இனத்தைச் சேர்ந்த சிறு செல்லப்பிராணி). கினிப் பன்றி இருந்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதிகம் பேசினார்கள், சிரித்தார்கள், மற்றவர் முகத்தைப் பார்த்தார்கள். கவனியுங்கள், பக்கத்தில் இருந்த மனிதர்களிடமும்தான் நெருங்கினார்கள். அதனால் அவன் காதைத் தடவும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். "மெத்துன்னு இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "இது என்ன நிறம்?" என்று பரீட்சை வைத்தால் அவன் எழுந்து போய்விடுவான்.

2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 10 வாரம் குதிரையேற்றப் பயிற்சி பெற்ற ஆட்டிசக் குழந்தைகளிடம் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்திருந்தன. நல்ல செய்திதான். ஆனால் பேச்சு வந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஸ்பீச் தெரபியை நிறுத்திவிடாதீர்கள். டால்பினோடு நீந்தவிடும் சிகிச்சை என்று பெருந்தொகை கேட்பவர்களிடம் போகவே வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு மாதம், வாரம் ஒரு நாள், அதே நேரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போங்கள். வண்டியில் ஏறுவது, நாயைத் தடவுவது, கை கழுவுவது, திரும்பி வருவது என்று நான்கு படங்கள் வரைந்து கிளம்பும் முன் காட்டுங்கள். சத்தத்தை மறைக்கும் ஹெட்போனைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாயின் பக்கமும் பார்க்க வேண்டும். இறுக்கிக் கட்டிப்பிடிப்பது பல ஆட்டிசக் குழந்தைகளுக்குச் சுகம். பெரும்பாலான நாய்களுக்கு அது பிடிக்காது. அது முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் வராமலே கொட்டாவி விட்டால், "போதும்" என்கிறது என்று அர்த்தம். மனித முகத்தைவிட இது எளிய பாடம், படம் வரைந்து அவனுக்கும் சொல்லித் தரலாம். எவ்வளவு சாது நாயாக இருந்தாலும் இருவரையும் தனியே விட்டுவிட்டு நகராதீர்கள்.

இரண்டு மாதம் கழித்தும் ஆசை இருந்தால், குட்டி வேண்டாம். அது தாவும், கடிக்கும், நேரம் காலம் இல்லாமல் குரைக்கும். குணம் தெரிந்த, வளர்ந்த, அமைதியான நாயாகப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் அதைக் குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிப்போகப் போவது நீங்கள்தான். உங்களுக்கு நாய் பிடிக்குமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! முயல் சத்தம் போடாது என்று யாராவது சொல்வார்கள். பல முயல்களுக்குத் தூக்கினாலே பிடிக்காது, திமிறினால் முதுகெலும்பு முறியும் அபாயமும் உண்டு.

அப்புறம், அந்த நாய் எதற்கெல்லாம் குரைக்கிறது என்று அண்ணனிடம் கேளுங்கள். காலிங் பெல்லுக்குத்தான் என்றால், நீங்கள் போகும் நேரத்தில் பெல்லை நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.